பாய்ப் படகுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போர்ட்லைட்: வாங்கலாமா, எப்படிப் பொருத்துவது?

நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். பழைய பிளாஸ்டிக் ஜன்னல்களைக் கழற்றிவிட்டு நியூ ஃபவுண்ட் மெட்டல்ஸ் நிறுவனத்தின் 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போர்ட்லைட்டுகளை எங்கள் படகில் போட்டோம். மழைக்காலம் முழுக்கப் பார்த்தாகிவிட்டது, உள்ளே ஒரு சொட்டு வரவில்லை. வாங்கலாமா என்று கேட்டால், பட்ஜெட் இடம் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்பேன். ஆனால் கேபின் காய்ந்து கிடப்பதற்கான பெருமையில் பாதிதான் ஜன்னலுக்குச் சேரும், மீதி அது உட்கார்ந்திருக்கும் ஓட்டைக்கு. படகுச் சுவரில் வெட்டிய ஓட்டையைச் சீர் செய்யாமல் எவ்வளவு விலை கொடுத்து எந்த ஜன்னலை வாங்கி மாட்டினாலும் சில வருடத்தில் மறுபடி ஒழுகும். அதனால் பொருளைப் பற்றிச் சொல்வதைவிடப் பொருத்துகிற வேலையைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப்போகிறேன்.

போர்ட்லைட் என்பது கேபினின் பக்கச் சுவரில் இருக்கும் சின்ன ஜன்னல். திறந்து மூடுகிற வகையும் உண்டு, அசையாமல் பொருத்திவிட்ட வகையும் உண்டு. எங்கள் படகு 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கட்டப்பட்ட 34 அடி ஃபைபர்கிளாஸ் படகு. சியாட்டிலில் ஷில்ஷோல் பே மரினாவில் வருடம் முழுக்கத் தண்ணீரிலேயே நிற்கிறது. திறக்கிற போர்ட்லைட் எட்டு, திறக்காத பெரிய ஜன்னல் இரண்டு. எல்லாமே படகோடு வந்த பழையவை.

சியாட்டில் மழையைப் பற்றி ஒரு வார்த்தை. வருடத்துக்குச் சுமார் 950 மில்லிமீட்டர்தான். கணக்கில் பெரிதாகத் தெரியாது, ஆனால் அக்டோபரில் ஆரம்பித்தால் ஏப்ரல் வரை தூறிக்கொண்டே இருக்கும், எதுவும் காய நேரம் கிடைக்காது. கொட்டித் தீர்த்துவிட்டு வெயில் அடிக்கும் ஊரில் ஒரு சின்னக் கசிவு காய்ந்து மறைந்துவிடும். இங்கே அதே கசிவு மாதக்கணக்கில் சுவருக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். மெத்தை நாறும், மர வேலைப்பாடு கறுக்கும், அலமாரியில் வைத்த புத்தகம் உப்பிப்போகும். அதெல்லாம்கூடப் பரவாயில்லை. கண்ணுக்குத் தெரியாமல் சுவரின் நடுவில் இருக்கும் மரம் உளுத்துப்போவதுதான் உண்மையான நஷ்டம்.

பிளாஸ்டிக் போர்ட்லைட் மோசமான பொருள் என்று நான் சொல்ல மாட்டேன். எங்களுடையவை பல பத்து வருடம் உழைத்தவை. ஆனால் புற ஊதாக் கதிர் தன் வேலையைக் காட்டியே தீரும். கண்ணாடிக்குப் பதிலாக இருந்த அக்ரிலிக் தகடு முழுக்க நுண்ணிய வெடிப்புகள், வெளிச்சத்தில் பார்த்தால் வெள்ளிச் சரிகை போல மின்னும், வெளியே நிற்பது ஆளா கம்பமா என்று தெரியாது. இறுக்கி மூடும் திருகுக் கைப்பிடிகள் விறைத்துப்போய், கொஞ்சம் அழுத்தித் திருகினால் ‘டக்’கென்று உடைந்தன. சட்டமே லேசாக வளைந்துவிட்டதால் கண்ணாடியைச் சுற்றி இருக்கும் ரப்பர் பட்டையான கேஸ்கெட் ஒரு பக்கம் நசுங்கியும் இன்னொரு பக்கம் தொடாமலும் இருந்தது.

ஆனால் மாற்றுவதற்கு முன்னால் ஒன்று பாருங்கள், இது உங்களுக்குக் கணிசமான பணத்தை மிச்சப்படுத்தக்கூடும். போர்ட்லைட் இரண்டு இடத்தில் ஒழுகும். ஒன்று, திறக்கிற கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவில், அதாவது கேஸ்கெட் வழியாக. இன்னொன்று, சட்டத்துக்கும் படகுச் சுவருக்கும் நடுவில், அதாவது அந்த இடைவெளியை அடைக்கும் பூச்சான சீலன்ட் வழியாக. முதல் வகை என்றால் புது கேஸ்கெட் போதும், ஜன்னலை மாற்றவே வேண்டாம். எது என்று கண்டுபிடிக்க, கண்ணாடியும் சட்டமும் சேரும் விளிம்பை வெளிப்பக்கம் சுற்றிலும் நல்ல பிளாஸ்டிக் டேப்பால் ஒட்டி மூடிவிட்டுத் தோட்டக் குழாயால் தண்ணீர் விடுங்கள். அப்போதும் உள்ளே வந்தால் குற்றவாளி சீலன்ட்தான். தண்ணீரைக் கீழ் விளிம்பில் ஆரம்பித்து மெதுவாக மேலே கொண்டுபோக வேண்டும். மேலிருந்து ஆரம்பித்தால் எங்கே நுழைந்தது என்றே தெரியாமல் எல்லா இடமும் நனைந்துவிடும். பாய்ச்சி அடிக்கவும் வேண்டாம், சும்மா வழிய விட்டால் போதும். நான் வெளியே குழாயோடு நிற்க, என் மனைவி உள்ளே டிஷ்யூ காகிதத்தை விளிம்பில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். “ஏங்க, கீழ வலது மூலையில நனையுது, குழாய அங்கயே வச்சிருங்க” என்ற குரல் ஜன்னலுக்கு ஜன்னல் கேட்டது. எங்களுக்கு இரண்டு வகைக் கசிவும் இருந்தது. சரி, மாற்றிவிடுவது என்று முடிவெடுத்தோம்.

சந்தையில் இருக்கிற வாய்ப்புகள் நான்கு: பிளாஸ்டிக், அலுமினியம், வெண்கலம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பிளாஸ்டிக்தான் விலை குறைவு, எடையும் குறைவு, உப்புத் தண்ணீர் அதை அரிக்காது. அலுமினியம் பார்க்க நேர்த்தியாக இருக்கும், ஆனால் அதில் ஸ்டெயின்லெஸ் திருகு போடும் இடத்தில் இரண்டு உலோகமும் உப்பு நீரில் சேர்ந்து அலுமினியத்தை அரித்துவிடும். அரிப்பைத் தடுக்கும் டெஃப்-ஜெல் மாதிரிக் களிம்பு ஏதாவது ஒன்றைத் திருகில் தடவித்தான் போட வேண்டும், பத்து வருடம் கழித்து அந்தத் திருகைக் கழற்ற முயன்றவர்களுக்கு நான் சொல்வது புரியும். வெண்கலம் எனக்கு ரொம்பப் பிடித்தது, தலைமுறை கடந்து நிற்கும், பழைய மரபில் கட்டிய படகுக்கு அதைவிட அழகு கிடையாது. எங்கள் படகின் கைப்பிடிக் கம்பி, கயிறு கட்டும் கிளீட், ஓரத்தூண்கள் எல்லாம் ஸ்டெயின்லெஸ், அதற்கு நடுவில் வெண்கலம் பொருந்தாது என்று விட்டுவிட்டோம்.

ஸ்டெயின்லெஸ் வாங்குகிறவர்கள் ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். சமையலறைத் தொட்டியில் வருவது பெரும்பாலும் 304. கடலுக்கு 316 வேண்டும். அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்க்கிறார்கள், உப்பில் இருக்கும் குளோரைடு உலோகத்தில் குழி பறிப்பதை அதுதான் தடுத்துப்பிடிக்கிறது. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் சில ஜன்னல்களில் ‘மரைன் ஸ்டெயின்லெஸ்’ என்று மட்டும் எழுதியிருக்கும், எண் இருக்காது. எண் போடாத பொருளை நான் படகில் மாட்ட மாட்டேன்.

நியூ ஃபவுண்ட் மெட்டல்ஸ் வாஷிங்டன் மாநிலத்தின் போர்ட் டவுன்செண்டைச் சேர்ந்தது. செப்டம்பரில் மரப் படகுத் திருவிழா நடக்கும் ஊர், படகு வேலை தெரிந்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கும் இடம். எங்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரி என்பதும் நாங்கள் அதைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம். தொலைபேசியில் பேசியபோது அவர்கள் முதலில் கேட்டது ஜன்னலின் நீள அகலத்தை அல்ல, கேபின் சுவரின் தடிமனை. அந்த ஒரு கேள்வியிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

பெட்டியைத் திறந்ததும் முதலில் தெரிவது எடை. பிளாஸ்டிக் ஜன்னலை ஒரு கையால் தூக்கிப் பழகியவர்களுக்கு இது இரும்புக் குண்டு. வார்ப்பு உலோகம், கண்ணாடி போல மெருகு ஏற்றியது, விளிம்பில் விரலை ஓட்டினால் எங்கேயும் பிசிறு தட்டவில்லை. கண்ணாடி டெம்பர்டு கிளாஸ், அக்ரிலிக் மாதிரிக் கீறல் விழாது, வெயிலில் மங்காது. திறந்தால் கீல் தன் இறுக்கத்திலேயே நிற்கிறது. பழைய ஜன்னலைத் திறந்து வைக்கக் கூரையில் ஒரு கொக்கியும் கயிறும் கட்டியிருந்தோம், அதெல்லாம் இப்போது தேவையில்லை. கொசுவலைச் சட்டமும் வருகிறது. அப்புறம் நான் மிகவும் மதிக்கும் ஒரு விஷயம்: சட்டத்திலிருந்து சுவரைத் துளைத்து வெளியே நீளும் பகுதியை ஸ்பிகாட் என்பார்கள், அதன் அடித்தளத்தில் தேங்கும் மழைத்தண்ணீர் வெளியே ஓடிவிடும் வகையில் அமைத்திருக்கிறார்கள். பழைய ஜன்னலில் மழை நின்ற பிறகு திறந்தால் கீழ்ப்பள்ளத்தில் தேங்கிய தண்ணீர் அப்படியே படுக்கையில் கொட்டும். இதில் திறந்தால் கொட்டுவதில்லை. தினமும் பயன்படுத்துகிறவருக்கு இது சின்ன வசதி இல்லை.

இனி வேலை.

பழையதைக் கழற்றுவதுதான் முதல் சோதனை. எங்களுக்கு முன்னால் படகை வைத்திருந்தவர் ஒரு பட்டறையில் பணம் கொடுத்து ஒழுகலைச் ‘சரி’ செய்திருக்கிறார். ஜன்னலைக் கழற்றாமல், சட்டத்தைச் சுற்றி வெளிப்பக்கம் சாதாரண சிலிக்கோனைப் பிதுக்கி விரலால் தேய்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இது எனக்குக் கோபம் வரவைக்கும் விஷயம். வெளியே பூசிய சிலிக்கோன் தண்ணீர் நுழைவதைக் கொஞ்ச நாள் தடுக்கும், பிறகு உள்ளே போன தண்ணீர் வெளியே வரவும் விடாது. அதோடு சிலிக்கோன் பட்ட இடத்தில் பெயின்ட் ஒட்டாது, இரண்டு திரவம் கலந்தால் கல்லாக இறுகும் எப்பாக்சி ஒட்டாது, இன்னொரு சிலிக்கோன்கூடச் சரியாக ஒட்டாது. அதை முதலில் பிளாஸ்டிக் பிளேடால் சுரண்டி எடுத்து, சிலிக்கோன் கரைப்பான் போட்டுத் துடைத்து, அதற்குப் பிறகுதான் உப்புத்தாளைத் தொட வேண்டும். முதலிலேயே தேய்த்தால் சிலிக்கோனை ஃபைபர்கிளாஸுக்குள் அரைத்து ஏற்றிவிடுவீர்கள்.

சட்டத்தைப் பிரிக்க ஸ்க்ரூடிரைவரால் நெம்ப வேண்டாம், ஃபைபர்கிளாஸின் மேல் இருக்கும் ஜெல்கோட் என்ற பளபளப்பான வெள்ளைப் பூச்சு சில்லு சில்லாகப் பெயரும். மெல்லிய புட்டிக் கத்திகளை ஒன்றன்பின் ஒன்றாக நுழைத்துக்கொண்டே சுற்றி வந்தால் பழைய சீலன்ட் மெல்ல விட்டுக்கொடுக்கும். பிளாஸ்டிக் சட்டம் உடைந்தால் உடையட்டும், எப்படியும் அது குப்பைக்குத்தான். சுவர் உடையக்கூடாது.

ஜன்னல் வெளியே வந்ததும் சுவரின் குறுக்குவெட்டு கண்ணுக்குத் தெரியும். வெளியே ஒரு ஃபைபர்கிளாஸ் தோல், உள்ளே ஒரு தோல், நடுவில் மரம். பல படகுகளில் அது பால்சா என்ற லேசான மரம், எங்களுடையதில் ப்ளைவுட். கட்டிய காலத்தில் இந்த வெட்டு விளிம்பை யாரும் மூடவே இல்லை, பச்சை மரம் அப்படியே தெரிந்தது. இத்தனை வருடமும் மரத்துக்கும் மழைக்கும் நடுவில் இருந்தது ஒரு சீலன்ட் கோடு மட்டும்தான். அதில் முடி அளவு விரிசல் விட்டாலும் மரம் குடிக்க ஆரம்பித்துவிடும். இரண்டு ஓட்டைகளில் கீழ் விளிம்பு மரம் கறுத்து, விரலால் அழுத்தினால் ஈரத்தூளாக உதிர்ந்தது. எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்க ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் சுவரைத் தட்டிக்கொண்டே போகலாம். நல்ல இடத்தில் ‘டங்’ என்று கெட்டியாகக் கேட்கும், கெட்ட இடத்தில் சத்தம் செத்துப்போயிருக்கும்.

செய்ய வேண்டியது இதுதான். கெட்ட மரத்தை முழுக்க நோண்டி எடுங்கள். நல்ல மரமாக இருந்தாலும் விளிம்பிலிருந்து ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் ஆழத்துக்கு இரண்டு தோலுக்கும் நடுவில் குடைந்துவிடுங்கள். ஒரு ஆணியின் முனையை வளைத்து டிரில்லில் மாட்டினால் அழகாகக் குடையும். ஹீட்டரோ காற்றாடியோ வைத்து நன்றாகக் காயவிட வேண்டும், ஈர மரத்தின் மேல் எப்பாக்சி ஊற்றுவது நோயை உள்ளே வைத்துத் தைப்பதற்குச் சமம். காய்ந்த பிறகு முதலில் எதுவும் கலக்காத எப்பாக்சியைத் தூரிகையால் தடவி மரத்தைக் குடிக்கவிட்டு, அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே கொலாய்டல் சிலிக்கா என்ற நுண்ணிய பொடி கலந்து கேப்பைக் களி பதத்துக்குக் கெட்டியாக்கிய எப்பாக்சியை உள்ளே அழுத்தி நிரப்ப வேண்டும். காற்றுக் குமிழ் இல்லாமல் நிரப்ப, பெரிய மருந்தூசிக் குழாயில் அடைத்து ஆழத்திலிருந்து வெளியே நோக்கிப் பிதுக்குவது நல்ல வழி. ஆறிய பிறகு அந்த விளிம்பு கல். இனி சீலன்ட் என்றைக்காவது தோற்றாலும் தண்ணீர் மரத்தைத் தொடாது, கேபினுக்குள் சொட்டி உங்களுக்குத் தகவல் சொல்லும், அவ்வளவுதான்.

குளிர் ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வெஸ்ட் சிஸ்டம் நிறுவனத்தின் எப்பாக்சியில் 105 ரெசினுக்கு அதை இறுகவைக்கும் 206 ஹார்டனர் போட்டால் சுமார் 16 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வேலை செய்யக் கூடாது. 205 வேகமானது, 4 டிகிரி வரை தாங்கும். இங்கே மே மாதம்கூட இரவில் குளிரும் என்பதால் 205-தான் எங்களுக்கு ஒத்துவந்தது. ஆறிய எப்பாக்சியின் மேல் மெழுகு மாதிரி ஒரு படலம் வரும், வெறும் தண்ணீரும் தேய்ப்புப் பஞ்சும் போட்டுக் கழுவினாலே போய்விடும். கழுவாமல் அடுத்த பூச்சு போட்டால் ஒட்டாது.

அடுத்த பிரச்சினை அளவு. பழைய ஜன்னலும் புது ஜன்னலும் பெயரளவில் ஒன்றாக இருந்தாலும் மூலை வளைவு அப்படியே பொருந்துவது அபூர்வம். ஓட்டை சில இடத்தில் பெரிதாகவும் சில இடத்தில் சிறிதாகவும் இருக்கும். பெரிதான இடத்தை மேலே சொன்ன கெட்டி எப்பாக்சியால் நிரப்பிவிட்டு, 6 மில்லிமீட்டர் ப்ளைவுட்டில் ஒரே ஒரு அச்சு வெட்டி, அதை எல்லா ஓட்டையிலும் வைத்துப் பிடித்து, பேரிங் வைத்த பிட் மாட்டிய, மரம் செதுக்கும் ரவுட்டர் கருவியால் அச்சை ஒட்டியே வெட்டினால் எல்லா ஓட்டையும் ஒரே அளவில் வரும். ஜிக்சாவை வெறும் கையால் ஓட்டி எல்லாவற்றையும் ஒன்றுபோல வெட்டிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். பக்கவாட்டிலிருந்து படகைப் பார்க்கிறவரின் கண்ணுக்கு ஜன்னல் வரிசையில் ஐந்து மில்லிமீட்டர் பிசகு பளிச்சென்று தெரியும்.

இப்போது நான் அதிகம் வலியுறுத்த விரும்பும் இடம். கேபின் சுவர் தட்டையாக இருக்காது, முன்னோக்கிப் போகப் போக மெல்ல வளையும். வார்ப்புச் சட்டமோ பலகை மாதிரித் தட்டை. திருகை இறுக்கி இறுக்கிச் சட்டத்தைச் சுவரின் வளைவுக்குப் பணியவைக்கப் பார்த்தால், பிளாஸ்டிக் காலப்போக்கில் வளையும், உலோகச் சட்டம் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். இரண்டிலும் கேஸ்கெட் சமமாக அழுந்தாது. எங்கள் பழைய ஜன்னல்கள் வளைந்துபோனதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். தீர்வு எளிது. புதுச் சட்டத்தின் பின்முகத்தில் மெழுகை நன்றாகத் தடவிக்கொள்ளுங்கள். சுவரின் உள்முகத்தில் ஓட்டையைச் சுற்றிக் கெட்டி எப்பாக்சியைப் பூசி, சட்டத்தை அதன் மேல் லேசாக, கை பலத்தில் மட்டும் அழுத்தி, இரண்டு மூன்று கிளாம்ப்பால் பிடித்து அப்படியே ஆறவிடுங்கள். மறுநாள் தட்டினால் சட்டம் தனியே வந்துவிடும், சுவரில் அதன் முகத்துக்கு அச்சாகப் பொருந்தும் தட்டையான மேடை இருக்கும். நடுவில் அரை மில்லிமீட்டர், ஓரத்தில் மூன்று மில்லிமீட்டர் என்று வளைவை அந்த மேடை விழுங்கிக்கொள்ளும். அதற்குப் பிறகு போல்ட்டை இறுக்கினால் சட்டம் எங்கேயும் முறுக்கிக்கொள்ளாது. ஜன்னலுக்கு ஒரு நாள் கூடுதல் வேலைதான், ஆனால் இதை விட்டுவிட்டால் நல்ல ஜன்னலும் ஒழுகும்.

சீலன்ட் என்று வந்தால் ஆளுக்கொரு கருத்து, என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். 3எம் 5200 வேண்டவே வேண்டாம். அது சீலன்ட் என்பதைவிடப் பசை, பின்னால் கழற்ற நேர்ந்தால் ஜெல்கோட்டோடு பிய்த்துக்கொண்டு வரும். பாலிசல்ஃபைடு வகைச் சீலன்ட் மரத்துக்கும் வெண்கலத்துக்கும் அருமையான பொருள், ஆனால் அக்ரிலிக், பாலிகார்பனேட் போன்ற பிளாஸ்டிக்குகளைக் கெடுத்துவிடும், பிளாஸ்டிக் ஜன்னலுக்கு அதைத் தொடாதீர்கள். இரண்டு பக்கமும் போல்ட்டால் இறுக்கிப் பிடிக்கும் இந்த மாதிரி உலோகச் சட்டத்துக்கு என் தேர்வு பியூட்டைல் டேப், அதாவது புட்டி மாதிரி நசுங்கும் ரப்பர் பட்டை. அது ஆறிக் கெட்டியாவதே இல்லை, பல வருடம் கழித்தும் பிசினாகவே இருக்கும், படகு அசைய அசைய அதுவும் கூடவே அசைந்துகொடுக்கும், என்றைக்குக் கழற்றினாலும் சுவருக்குச் சேதம் வராது. ஒட்டிப் பிடிக்கும் பலம் அதற்குக் கிடையாது, அதனால் போல்ட் இல்லாத இடத்தில் பயன்படாது. வீட்டுக் கூரை வேலைக்கு விற்கும் மலிவு டேப்பும் படகுக்கு என்று செய்த பெட்-இட் மாதிரியான டேப்பும் ஒன்றில்லை. கையில் இழுத்துப் பாருங்கள், நல்லது அறுந்துபோகாமல் நூல் நூலாக நீளும்.

போல்ட் ஓட்டைகளின் வாயை, வெளிப்பக்கம் மட்டும், கவுன்டர்சிங்க் பிட்டால் லேசாகக் குழியாக்கிவிடுங்கள். டேப்பிலிருந்து கொஞ்சம் பிய்த்து உருட்டி ஒவ்வொரு போல்ட்டின் தலைக்குக் கீழும் சுற்றினால், இறுக்கும்போது அது அந்தக் குழிக்குள் நசுங்கி ஒரு ரப்பர் வளையமாக மாறிவிடும். ஒரே மூச்சில் இறுக்கக் கூடாது. எதிரெதிர் போல்ட்டாக, கொஞ்சம் கொஞ்சமாக, சுற்றிலும் பியூட்டைல் பிதுங்கி வரும்வரை இறுக்கி விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுங்கள். மறுநாள் வந்து பார்த்தால் போல்ட்டுகள் லேசாகத் தளர்ந்திருக்கும், மறுபடி கால் திருப்பு, இன்னொரு நாள் மறுபடி. பிதுங்கியது நின்றுவிட்டால் வேலை முடிந்தது. பிதுங்கியதைப் பிளாஸ்டிக் கத்தியால் வெட்டி எடுத்து, மிச்சத்தை மினரல் ஸ்பிரிட்ஸ் தொட்ட துணியால் துடைத்தால் சுத்தம். குளிர் நாளில் டேப் விறைத்திருக்கும், சட்டைப்பைக்குள் வைத்து உடம்புச் சூட்டில் இளக்கிக்கொள்ளலாம், சட்டத்தையும் ஹீட் கன்னால் மிதமாகச் சூடாக்கலாம்.

ஸ்பிகாட்டின் நீளம் சுவரைவிட அதிகமாக இருந்தால் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். சிலருக்கு அது பிடிக்கும், மழை வழிந்து உள்ளே வராமல் ஒரு விளிம்பாக இருக்கும் என்பார்கள். எங்களுக்குப் பக்க டெக்கில் நடக்கும்போது கால் முட்டியில் இடித்தது, அதனால் கிரைண்டரால் அளவாக வெட்டி விளிம்பை அரம் போட்டு மழித்து மெருகேற்றினோம். வெட்டுகிற வேலையைப் படகின் மேல் வைத்துச் செய்யாதீர்கள், பறக்கும் எஃகுத் துகள் ஜெல்கோட்டில் ஒட்டித் துருக்கறையாகும்.

இரண்டு பெரிய அசையாத ஜன்னல்களைப் பற்றியும் கேட்பீர்கள். அவற்றுக்குச் சட்டமே இல்லாமல், 3எம் விஎச்பி 4991 என்ற இருபக்கமும் ஒட்டும் டேப் ஒட்டி, சுற்றிலும் டவ் 795 சிலிக்கோன் நிரப்பி, புது வார்ப்பு அக்ரிலிக் தகட்டை வெளியிலிருந்து பொருத்தினோம். முன்னால் சிலிக்கோனைத் திட்டினேனே என்றால், இது உயரமான கட்டடங்களின் கண்ணாடிச் சுவரை ஒட்டப் பயன்படும் ரகம், அதுவும் சுத்தமான பரப்பில், உரிய தடிமனில் போடுவது. தடிமன்தான் இதில் உயிர். அக்ரிலிக் சூட்டில் நிறைய நீளும். 600 மில்லிமீட்டர் தகடு, குளிர்கால இரவுக்கும் வெயில் காயும் கோடை மதியத்துக்கும் நடுவில் 40 டிகிரி மாறினால் ஏறக்குறைய 1.7 மில்லிமீட்டர் நீளும், ஃபைபர்கிளாஸ் சுவர் அதில் பாதிகூட நீளாது. அந்த வித்தியாசத்தை யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும். 4991 டேப் 2.3 மில்லிமீட்டர் தடிமன் என்பதால் நடுவில் நின்று அசைந்துகொடுக்கிறது. தகட்டில் துளை போட்டுத் திருகால் இறுக்கினால் அந்தத் துளையிலிருந்துதான் வெடிப்பு கிளம்பும். அக்ரிலிக்கா பாலிகார்பனேட்டா என்றால், பாலிகார்பனேட்டுக்கு அடி தாங்கும் பலம் பல மடங்கு அதிகம், ஆனால் சீக்கிரம் கீறும், வெயிலில் மஞ்சளிக்கும். கரையோரப் பயணத்துக்கு எனக்கு அக்ரிலிக் போதும். எதைப் போட்டாலும் அமோனியா கலந்த கண்ணாடி துடைப்பானும் அசிட்டோனும் அதன் பக்கமே வரக்கூடாது, சோப்புத் தண்ணீர் போதும்.

சரி, குறைகளும் சொல்ல வேண்டுமே. விலை முதல் குறை, பிளாஸ்டிக்கைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஆகும், எட்டு ஜன்னல் என்றால் யோசித்துத்தான் ஆர்டர் போட வேண்டும். எடை இரண்டாவது. சின்னப் படகிலும் பந்தயத்துக்குப் போகிற படகிலும் அவ்வளவு உலோகத்தை உயரத்தில் ஏற்ற நான் சொல்ல மாட்டேன். மூன்றாவது, எந்த உலோகச் சட்டத்துக்கும் உள்ளது: குளிர் இரவில் உள்ளே ஹீட்டர் போட்டுப் படுத்தால் சட்டம் வியர்க்கும். பிளாஸ்டிக் இந்த அளவுக்கு வியர்க்காது. காலையில் சட்டத்தின் அடியில் திரண்டிருக்கும் துளிகளைப் பார்த்து ஒழுகுகிறது என்று பயந்துவிட வேண்டாம், துடைத்துவிட்டு, காற்றோட்டத்துக்கு எதிரெதிரே ஒரு ஜன்னலையும் கூரைக் கதவான ஹேட்சையும் விரற்கடை அளவு திறந்து வையுங்கள். ஈரப்பதம் உறிஞ்சும் கருவி ஒன்றும் வைத்துக்கொண்டால் நல்லது. 316-உம் துருவே பிடிக்காத பொருள் கிடையாது, உப்பு காய்ந்து ஒட்டிய இடத்தில் தேநீர் நிறத்தில் கறை படியும். நல்ல தண்ணீரில் கழுவி, வருடத்துக்கு ஒரு முறை உலோக பாலிஷ் போட்டால் போய்விடுகிறது.

யாருக்கு எது? படகை இரண்டு மூன்று வருடத்தில் விற்கப்போகிறீர்கள், சுவர் நன்றாக இருக்கிறது என்றால் பிளாஸ்டிக்கே போடுங்கள், ஆனால் விளிம்பு மரத்தை மூடிவிட்டுப் போடுங்கள், அடுத்து வாங்குகிறவர் நன்றியோடு நினைப்பார். கேஸ்கெட் மட்டும் கெட்டிருந்தால் கேஸ்கெட் மட்டும் மாற்றுங்கள். படகில் தங்குகிறீர்கள், வான்கூவர் தீவின் மேற்குக் கரை மாதிரித் திறந்த கடலுக்குப் போகிறீர்கள், இந்தப் படகை நீண்ட காலம் வைத்திருப்பீர்கள் என்றால் ஸ்டெயின்லெஸுக்குக் கொடுக்கும் காசு வீணாகாது. மொத்த வேலையையும் பட்டறையில் கொடுப்பதாக இருந்தால், வெட்டு விளிம்பை எப்படி மூடுவீர்கள், வளைவை எப்படிச் சமாளிப்பீர்கள் என்று இரண்டு கேள்வியை முதலில் கேளுங்கள். நல்ல சீலன்ட் போட்டுவிடுகிறோம் சார் என்று மட்டும் பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

எல்லா ஜன்னலையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். ஒரு பக்கத்தில் ஒன்றை முழுக்க முடித்து, தண்ணீர் விட்டுப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள், முதல் ஜன்னலில் கைக்கு வரும் பக்குவம் மற்றவற்றில் வேலையைப் பாதியாக்கும். ஆர்டர் போடும்போதே இரண்டு கேஸ்கெட்டும் ஒரு கொசுவலைச் சட்டமும் சேர்த்து வாங்கி, உறையில் போட்டு, எந்த அளவு என்று எழுதிப் படகிலேயே வைத்துவிடுங்கள்.